போன வாரம் நான் கொடுத்த மாத்திரை வெப்சைட் விலாசத்தில் யாரும் வாங்காதீர்கள்!

இன்று காலை மாத்திரையை வீட்டுக்காரர் கையில் வைக்கப் போய், அப்படியே நிறுத்திவிட்டேன்.

போன வாரம் இதே வலைப்பக்கத்தில் நான்தான் பெருமையாக எழுதினேன். அஞ்சாம் கிளாஸ் படித்தவள், பேத்தியின் கம்ப்யூட்டரில் நானே தட்டி, பிரஷர் மாத்திரையைப் பாதி விலைக்கு வரவழைத்துவிட்டேன் என்று!

(பேத்தி ஸ்கூலுக்குப் போன நேரத்தில்தான். அவளிடம் சந்தேகம் கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது?)

இன்று பழைய அட்டையில் ஒரே ஒரு மாத்திரை பாக்கி. புது அட்டையைப் பிரித்தேன்.

எங்கள் வீட்டில் சாயம் போட்ட பட்டு இரண்டாம் தடவை வந்தால், பழைய நூலோடு வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்க்காமல் தறியில் ஏற்ற மாட்டோம். அந்தப் பழக்கத்தில் இரண்டு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

பழையது பளிச்சென்ற வெள்ளை. புதியது பழுப்பு. நகம் பட்டதும் ஓரம் உதிர்ந்தது!

"இன்னாடி, மாத்திரைக்கும் மேட்சிங் பாக்கறியா? ஜல்தி குடு."

"சும்மா இருங்க. இன்னைக்குப் பழசைப் போடுங்க."

பெட்டியோடு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினேன். கடைக்காரத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலர் மாறினத மட்டும் வெச்சி டூப்ளிகேட்னு சொல்ல முடியாது ஆயா. ஆனா இங்க பாருங்க. பெட்டியில ஒரு பேட்ச் நம்பரு, அட்டையில வேற நம்பரு. தயாரிச்ச கம்பெனி விலாசமே காணோம். பில் எங்க?"

"பில்லு தரலப்பா. போஸ்ட்மேன் பார்சலக் குடுத்து காசு வாங்கிக்கினு போய்ட்டாரு."

"டாக்டர் சீட்டு கேட்டாங்களா?"

"கேக்கல. அதான் சௌகரியம்னு..."

"சீட்டு கேக்காம மருந்து அனுப்புறவன நம்பலாமா ஆயா? இத யாருக்கும் குடுக்காதீங்க. தூக்கியும் போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க."

'யாருக்கும்' என்றதும்தான் ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு புஷ்பா! அவளுக்கும் அதே இடத்தில் சர்க்கரை மாத்திரை வரவழைத்துக் கொடுத்தது நான்தான்.

போய்ப் பார்த்தால் பாயில் சுருண்டு கிடந்தாள்.

"நாலு நாளா தல சுத்துதுக்கா. எவ்ளோ தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கல."

"அந்த மாத்திர சரியில்ல போலடி. எல்லாம் என் தப்பு."

"நீ சொன்னியேன்னுதான்க்கா பழச எடுத்து வெச்சிட்டு இதப் போட்டுகினு இருந்தேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. டிரிப்ஸ் ஏறுகிறது. அவள் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

போன வாரப் பதிவைப் பார்த்து விலாசம் கேட்டவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் கொடுத்தேன்!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவர்களுக்குத் தகவல் அனுப்பினேன். இரண்டு பேர் இன்னும் பார்சலைப் பிரிக்கவில்லை என்று பதில் போட்டுவிட்டார்கள். ஒருத்தர் ஆர்டரே செய்யவில்லை. (உங்கள் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு!)

சேவூர் மணி அண்ணா மட்டும் பதில் போடவில்லை.

அவர் கேட்டது இதய மாத்திரை. 'பார்சல் வந்துடுச்சிம்மா, தேங்க்ஸ்' என்று முந்தாநாள் எழுதியதோடு சரி. போன் நம்பர் என்னிடம் இல்லை.

இதைப் போட்டதும் நான் சேவூர் பஸ் ஏறக் கிளம்புகிறேன். ஸ்கூல் விட்டு வந்த பேத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள், நீங்கள் எழுதுவதை என் செல்லுக்குச் சொல்வாள்.

அவர் வீடு எந்தத் தெரு? யாருக்காவது தெரியுமா?