நூலை இழுத்தது யார்?

சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் கணவர் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தது நரசிபுரம் சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, வரப்பு வழியாக நடந்து போய்ச் சேரும் ஒரு காவிரிக் கரையில். நல்ல உச்சி வெயிலில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் "ராத்திரி நேரமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

என் கணவருக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது ஒரு வெள்ளைக்காரரால். ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போனவர் வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்றார். அங்கே ஒரு தையல் மிஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை வாங்கி வரும்படி இவரை அனுப்பினேன். இவர் ஒரு நீளமான கான்வாஸ் பையோடு வந்தார். உள்ளே மூன்று துண்டாகப் பிரித்துச் சேர்க்கிற மூங்கில் கழி, பித்தளை ரீல், ஒரு தகர டப்பா நிறைய ஸ்பூன்கள். சாப்பிடுகிற ஸ்பூன் இல்லை. பளபளவென்ற உலோகத் தகடு, அதன் வாலில் மூன்று முள். தண்ணீருக்குள் இழுத்தால் சின்ன மீன் நீந்துவதுபோல மினுக்கும். பெரிய கெண்டை ஏமாந்து வந்து கவ்வும்.

கவ்வும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எங்களுக்கு வாய்த்ததென்னவோ சிக்கல்தான். வீசும்போது ரீலின் மேல் கட்டைவிரலை லேசாக வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால், நூல் போகிற வேகத்தைவிட ரீல் வேகமாகச் சுற்றி, குருவிக்கூடு மாதிரிச் சிக்கிக்கொள்ளும். பிறகு கரையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு முறை பின்பக்கமாக ஓங்கியபோது முள் அவருடைய காதிலேயே ஏறிவிட்டது. ஒற்றைக் கம்மல் போட்டதுபோல ஸ்பூன் தொங்கியது. முள்ளை மறுபக்கம் வரை தள்ளி, முனையைக் குறட்டால் வெட்டி எடுத்தேன். இதற்குத்தான் நர்ஸைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அன்று அவரே ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கு இரண்டு பேருக்கும் விடுமுறை. மழைக்காலம் முடிந்து ஆறு வடிந்திருந்தது. எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போனோம்.

அந்த இடத்தில் ஆறு இரண்டாகப் பிரிந்து போகும். நடுவில் பாறைகளும் ஆளுயர நாணலுமாக ஒரு திட்டு. எங்கள் கரைக்கும் திட்டுக்கும் இடையில் தண்ணீர் பாறைகளில் மோதி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அதற்குக் கீழே கருநீலமாக ஒரு மடு. அந்த மடுவில்தான் கெண்டை இருக்கிறதென்று என் கணவர் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரைக்குப் போனதும் முதலில் என் கண்ணில் பட்டது ஓர் ஒற்றைச் செருப்பு. ஆண்பிள்ளைச் செருப்பு. யாரோ அதை ஒரு கல்லின் மேல் ஒழுங்காக வைத்து, முன்னால் தேங்காய் உடைத்து, செவ்வந்திப் பூ போட்டிருந்தார்கள். பூ இன்னும் முழுக்க வாடவில்லை.

பக்கத்தில் ஒருவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த கொள்ளேகாலில் பெண் எடுத்தவர், அதனால் தமிழ் பேசினார்.

"மடுவுல வேண்டாமுங்க அம்மா," என்றார். "முந்தாநேத்து என்ற சித்தப்பன் மகன் தண்ணியில போயிட்டானுங்க. திடீர்னு ஆத்துல தண்ணி ஏறிப்போச்சு. ஒத்தைச் செருப்பும் துண்டும்தான் கரையில கெடந்துச்சு. கீழ அணைக்கட்டு வரைக்கும் தேடிப்போட்டோம். உடம்பு ஆப்புடலீங்க."

நாங்கள் வருத்தம் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு மறுபடி தாரைப் பூச ஆரம்பித்தார். பிறகு, எங்களைப் பார்க்காமலேயே, தாழ்ந்த குரலில் கன்னடத்தில் சொன்னார்: "கூகிதரெ ஓ அன்னபேடி."

கூப்பிட்டால் 'ஓ' என்று பதில் குரல் கொடுத்துவிடாதீர்கள்.

"யாரு கூப்பிட்டா?" என்று கேட்டேன்.

"அவன்தானுங்க. நேத்து தேங்கா உடைக்க வந்தப்ப எல்லாருமே கேட்டோம். மடுவுக்குள்ளருந்து கூப்புட்டான். பொம்பளைங்க குழந்தைங்களத் தூக்கிட்டு ஓடிப்போயிட்டாங்க. பதில் சொன்னா, சொன்னவங்களத் துணைக்குக் கூட்டிக்குவானுங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். "நமக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது," என்று சிரித்தார். ஆனால் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அந்தச் செருப்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய்த்தான் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. மீன் ஒன்றும் தொடவில்லை. உச்சி வேளை வந்ததும் காக்கை, கொக்கு ஒன்றுகூட இல்லாமல் கரை வெறிச்சோடியது. எங்கள் நிழல் எங்கள் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. தண்ணீரின் இரைச்சல் மட்டும்தான்.

அப்போது கேட்டது.

கூச்சல் என்று சொல்ல முடியாது. காலிப் பானையின் வாயில் ஊதினால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. தண்ணீர் இரைச்சலுக்கு அடியிலிருந்து வந்தது. காற்று வீசினால் மறைந்தது, காற்று நின்றால் மறுபடி வந்தது. எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை. பாறை இடுக்கில் காற்று போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காற்று நின்றபோதுதானே அது கேட்டது?

என் கணவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சர்ச்சில் பாடுகிற ஞானப்பாட்டு ஒன்றை மூக்காலேயே முணுமுணுக்க ஆரம்பித்தார். "நீ ஒரு தடவை வீசிப் பாரேன். நான் இலையை விரிக்கறேன்," என்று கழியை என் கையில் கொடுத்தார்.

மடுவைப் பார்த்துத்தான் வீசினேன். கட்டைவிரலைத் தளர்த்த வேண்டிய நேரத்தில் தளர்த்தவில்லை. ஸ்பூன் பக்கவாட்டில் பறந்து, வெயிலில் ஒரு தரம் மின்னி, திட்டின் மேலிருந்த நாணலுக்குள் போய் விழுந்தது.

"போச்சு! இருக்கறதுலயே நல்ல ஸ்பூன்!" அந்தக் கோபத்தில் அவர் பேயைக்கூட மறந்துவிட்டார். "இழுக்காதே, அறுந்துடும். நூலைத் தளர்த்தி விடு. முள்ளு தானா விடுபடும்."

தளர்த்தினேன். மாட்டிய முள்ளை எடுக்க அதுதான் வழி. தளர்ந்த நூலை விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நூல் இறுகியது.

மெதுவாக. ஒரு சாண் போல அந்தப் பக்கம் போயிற்று. நின்றது. மறுபடி ஒரு சாண். நின்றது. மீன் என்றால் வெடுக்கென்று பிடுங்கும். தண்ணீர் இழுத்தால் ஒரே சீராக இழுக்கும். இது இழுத்துவிட்டுக் காத்திருந்தது. அதைவிட, நூல் தண்ணீருக்குள்ளேயே போகவில்லை. என் கழியிலிருந்து ஆற்றுக்கு மேலாக, காற்றில், நேரே நாணலுக்குள் போயிருந்தது. ஸ்பூன் கிடந்தது தரையில். தரையில் எந்த மீன் இழுக்கும்?

"என்னங்க..." என்றேன்.

அவரும் பார்த்துவிட்டார். முகம் சாம்பலாகிவிட்டது. பையிலிருந்து கத்தியை எடுத்தார். "விடு. அறுத்துடறேன். ஸ்பூன் போனாப் போகுது, விடு!"

சத்தம் கேட்டுப் பரிசல்காரரும் வந்தார். நூலைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். "அறுங்க சாமி, அறுங்க. துணைக்கு இழுக்கறான்."

எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இழுப்பு என் விரலுக்குப் பழக்கமானதாக இருந்தது. எங்கே, எங்கே என்று யோசித்தேன். சட்டென்று விளங்கியது. வார்டில் பேச முடியாமல் கிடக்கிற நோயாளிகள், கட்டிலைக் கடந்து போகும்போது நம் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பார்கள். இழுப்பார்கள், விடுவார்கள், திரும்பிப் பார்க்கிறோமா என்று காத்திருப்பார்கள், மறுபடி இழுப்பார்கள். அதே இழுப்பு.

"கொஞ்சம் பொறுங்க," என்று என் கணவரின் கத்திக் கையைப் பிடித்துத் தடுத்து, நூலை இரண்டு தரம் இழுத்தேன்.

அந்தப் பக்கமிருந்தும் இரண்டு தரம்.

மூன்று தரம் இழுத்தேன். மூன்று தரம் வந்தது. மூன்றாவது மட்டும் மிகவும் பலவீனமாக.

கழியையும் நூலையும் என் கணவரிடம் கொடுத்துவிட்டு, நான் தண்ணீரின் ஓரத்துக்குப் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்: "ஓ!"

பரிசல்காரர் காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பானைச் சத்தம் எழுந்தது. அது எழுந்த அதே நேரத்தில், என் கணவர் கையிலிருந்த நூல் வெடவெடவென்று துடித்தது.

"குரலும் கையும் ஒரே ஆளோடது," என்றேன். "அங்க ஒரு மனுஷன் இருக்கான்."

பரிசல்காரர் நம்பவில்லை. அவரை இழுத்து வந்து நூலை அவர் விரலில் கொடுத்தேன். அவர் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நூல் இழுத்தது. இன்னொரு தரம் கூப்பிட்டார். இழுத்தது. அவ்வளவுதான், அந்த மனிதர் அழுதுகொண்டே பரிசலை நிமிர்த்தப் போனார்.

ஆனால் தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. "நீங்க வந்தீங்கன்னா போறேன் அம்மா," என்றார். எனக்கோ நீச்சல் தெரியாது. அவருக்கு ஆற்றைப் பற்றிப் பயமில்லை, பேயைப் பற்றித்தான் பயம். எனக்குப் பேய்ப் பயம் போய்விட்டது, ஆறுதான் பயம். இரண்டு பயத்தையும் ஒரே பரிசலில் ஏற்றிக்கொண்டு, வெகு தூரம் மேலே போய், தண்ணீரோடு சுற்றிச் சுற்றி வந்து திட்டில் ஒதுங்கினோம். என் கணவர் கரையில் கழியை உயர்த்தி, நூல் தளராமல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நூல் இல்லாவிட்டால் நாணலுக்குள் எங்கே என்று தேடியிருப்போம்? நூலைத் தொட்டுக்கொண்டே, நாணலை விலக்கிக்கொண்டே போனேன்.

நூலின் முடிவில் ஒரு கை இருந்தது. விரல்களில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

உடம்பெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. எறும்பு ஊர்ந்தது. ஒரு கால் பாறை இடுக்கில் திரும்பிக் கிடந்தது, முறிவு என்று பார்த்ததுமே தெரிந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. பரிசல்காரர் கிட்டே வராமல் நின்றார். நான் மண்டியிட்டு, பழக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். உதடு அசைந்தது. குனிந்து காது கொடுத்தேன்.

"இதெயா அம்மா?"

இருக்கிறதா அம்மா? எனக்கு முதலில் புரியவில்லை. காலைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் கண் என் விரலுக்கும் தன் மணிக்கட்டுக்கும் போய் வந்தது. அவன் கேட்டது நாடியை.

"இதெ," என்றேன். "சென்னாகி இதெ." நன்றாக இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டான். சேற்றின் மேல் இரண்டு கோடாகக் கண்ணீர் இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன்காரர் ஓடிவந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

நாணலைக் கற்றையாக வைத்து, துண்டால் காலைக் கட்டி, கரைக்குக் கொண்டுவந்தோம். அங்கிருந்து மாட்டு வண்டி, சாலையில் ஒரு லாரி, எங்கள் ஆஸ்பத்திரி. கால் கூடிற்று. லேசாகச் சாய்ந்து நடப்பான், அவ்வளவுதான். அவனுடைய அம்மா வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தவள், மகனின் கால் கட்டைவிரலைப் பிடித்த பிடியை இரண்டு நாள் விடவில்லை.

கூரைக்கு நாணல் அறுக்கத் தண்ணீர் குறைவாக இருந்தபோது பாறை வழியே திட்டுக்குப் போயிருக்கிறான். வழுக்கிக் கால் மாட்டிக்கொண்டது. அன்று சாயங்காலமே தண்ணீர் ஏறிவிட்டது. நனைந்த துணியைப் பிழிந்து குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். இதையெல்லாம் தேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஒரு நாள் நான் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூரையைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னான்.

ஊரார் கரையில் கூடி அழுததை அவன் கேட்டானாம். அம்மா தன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்ததைக் கேட்டானாம். தேங்காய் உடைந்த சத்தம்கூடக் கேட்டது. தொண்டை கிழியக் கூப்பிட்டான். கூப்பிட்டதும் எல்லோரும் ஓடினார்கள். மாடு மேய்ப்பவர்கள் வந்தபோதும் கூப்பிட்டான். அவர்களும் ஓடினார்கள். பெற்ற தாயே தன் குரலைக் கேட்டு ஓடுகிறாள் என்றதும் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். நாம்தான் செத்துப்போய்விட்டோம், நமக்குத்தான் தெரியவில்லை என்று. ஸ்பூன் வந்து விழுந்து, நூலைப் பிடித்து இழுத்தபோதுகூட, உதவி கேட்டு இழுக்கவில்லை. தன் கைக்கு ஒரு பொருளை இழுக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் இழுத்தானாம்.

என் கணவர் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் தூண்டில் போட்டார், வருடக்கணக்கில் சிக்கல் எடுத்தார். நான் போய் உட்கார்ந்து முட்டை உரித்துக் கொடுப்பேன். ஆனால் ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாருடைய நாடியைப் பிடித்தாலும், அவர் கேட்காவிட்டாலும், "இருக்கு, நல்லா ஓடுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கூட வேலை செய்த பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தான் உயிரோடுதான் இருக்கிறோம் என்பதைக்கூட, சில நேரங்களில், இன்னொருவர் கையைப் பிடித்துச் சொன்னால்தான் ஒரு மனிதனால் நம்ப முடிகிறது என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.