வொங்கானி சேர்த்துவைத்த வாக்குமூலங்கள்

முசூசு நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் முன்னாள் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் வொங்கானி முசிஸ்கா பதினாறு வருடமாகக் கணினி பார்க்கிறான். அவன் அப்பாவும் தெற்கே வேற்றுநாட்டுத் தங்கச் சுரங்கத்தில் தூசி தின்று, ஊர் திரும்பி, இருமி இருமியே செத்தவர்தான். அதனாலோ என்னவோ, சம்பளம் எத்தனை தள்ளிப்போனாலும் அவன் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

நெஞ்சில் தூசியோடு வரும் கிழவர்களின் எதிரே உட்கார்ந்து, எந்தச் சுரங்கம், எந்த வருடம், மேஸ்திரி யார், இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வான். கைநாட்டையும் கணினியிலேயே பதிவு செய்வான். கம்பெனி மேல் போட்ட வழக்கு நிற்பதே அந்த வாக்குமூலங்களின் மேல்தான். அத்தனையும் கிடந்ததோ ஒரே ஒரு பழைய சர்வரில். அது படுத்தால் எல்லாம் போச்சு என்று மூன்று வருடம் கத்தியபிறகு, வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு புது சர்வர் கொடுத்தார்கள். மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்து ஒரே கிளஸ்டராகக் கட்டினால் ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும்.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. முதலில் எழுவதுதான் மூத்தது. பின்னால் வந்து சேர்வது, தன்னிடம் உள்ளதைத் துடைத்துவிட்டு மூத்ததிடம் இருப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆகவே பழையதைத்தான் முதலில் எழுப்ப வேண்டும்.

புது சர்வர்களுக்குத் திறப்பு விழா வைத்திருந்த சங்கச் செயலாளர் சவுலா ஒத்துக்கொள்ளவில்லை. "குடுத்தவங்க கண்ணு முன்னாடி அந்த ஓட்ட டப்பாவையா மொதல்ல போடுவ? தலைமை விருந்தாளி கை வச்சப்பறம்தான் மத்ததெல்லாம். நம்ம ஊரு மொற தெரியாதா ஒனக்கு?"

"அண்ணே, புதுசு ரெண்டும் காலிண்ணே."

"காலின்னு அவருக்குத் தெரியுமா? பட்டன அமுக்கட்டும், கைதட்டி அனுப்பிருவோம். அப்பறம் நீ ஒன் இஷ்டத்துக்குப் பண்ணிக்க."

வொங்கானி தலையாட்டினான். அங்கேதான் அவன் கெட்டான். கிளஸ்டரில் சேர்வதற்கு வேண்டிய மாற்றங்களையெல்லாம் பழையதில் எழுதி முடித்து, அதை அணைத்து வைத்தான். வயரைப் பிடுங்கவில்லை.

விருந்தாளி மூன்று மணி நேரம் தாமதமாக வந்து, ரிப்பனை வெட்டி, புதியவற்றுக்கான பட்டனை அமுக்கினார். பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோரும் கோழியும் சோறும் தின்ன முற்றத்துக்குப் போனார்கள். நீ உட்காராவிட்டால் மரியாதையில்லை என்று சவுலா அவனையும் இழுத்துப்போய் உட்காரவைத்தார். நடுவில் கரண்ட் போனது. அது போகாத நாள் ஏது? யாரும் தலைகூடத் தூக்கவில்லை. புதியவை பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. இருபது நிமிடத்தில் கரண்ட் வந்ததும் பழையது தானே எழுந்தது. அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் அது தானாக எழட்டும் என்று எப்போதோ அப்படி வைத்தவன் வொங்கானியேதான். எழுந்தது, புதியவற்றைப் பார்த்தது, போய்ச் சேர்ந்துகொண்டது.

அவன் கை கழுவிவிட்டு வந்தபோது மூன்றிலும் பச்சை விளக்கு எரிந்தது. மூன்றிலும் ஒன்றுமில்லை.

நகல் எடுத்துவைக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்தான். போன ஆகஸ்டிலேயே அது நிரம்பிவிட்டிருந்தது. அதற்குப்பின் ஒரு வாக்குமூலம்கூட அதில் ஏறவில்லை. ஒருநாளாவது திறந்து பார்த்தானா? இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். பதினோரு மாதத்தில் வந்தவர்கள் நானூற்றுப் பத்துப் பேர். உயிரோடு இருப்பவர்களைத் திரும்பக் கேட்கலாம். அறுபத்து மூன்று பேர் அதற்குள் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

"வெவரம் தெரிஞ்சவன் நீ. ஒரு வார்த்த அடிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் சவுலா. அந்த மனிதருக்கு நாக்கு கூசவில்லை.

அந்த அறுபத்து மூன்று வீட்டுக்கும் தானே போய்ச் சொல்வதென்று வொங்கானி கிளம்பினான். நான்காவது வீடு ஹரிசோனி லோங்வேயுடையது. அவர் மனைவி நியாகோண்ட்வே பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, அவன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதுக்கென்னப்பா. மூணு மணி நேரம் அவரு கூட ஒக்காந்திருந்தது நீதான. ஒன் காதுலதான சொன்னாரு. நீயே திரும்ப எழுதிரு."

கோர்ட் அதை ஏற்காது. ஆனாலும் அவன் கண்ணை மூடி யோசித்துப் பார்த்தான். கிழவர் தகர டப்பாவில் துப்பியது ஞாபகம் வந்தது. எந்தச் சுரங்கம், எந்த வருடம், எந்த மேஸ்திரி? ஒன்றும் வரவில்லை. விரல் தட்டியதைச் சர்வர் வைத்துக்கொள்ளும் என்று மண்டைக்குள் எதையும் அவன் வைக்கவில்லை.

"ஒரு வார்த்தகூடவா ஞாபகமில்ல?"

"இல்லம்மா."

அவள் மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாப்பது வருசத்துல எங்கிட்ட அந்தச் சுரங்கத்தப் பத்தி அவரு வாயே தொறந்ததில்லப்பா. ஒங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு."