கத்தாத ஆள் முதல்ல

மனிதர் எல்லாரும் சமம் என்று நான் சொல்லாத இடமில்லை. கோயில் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், சாவு வீட்டில் சொல்லியிருக்கிறேன், என் ஆட்டோவில் ஏறியவர்களிடம் எல்ல டவுன் வரைக்கும் விடாமல் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கைக்காசு செலவில்லாத கருத்து அது. குளவி கலைந்த அந்தக் காலை வரைக்கும்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். மனைவி கொழுந்து பறிக்கிறாள், நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அன்று எங்கள் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து ஒரு பெண் போனில் அலறினாள்.

“அண்ணே, குளவி கலைஞ்சிருச்சு! ஆட்டோவக் கொண்டு வாங்க. ஒங்க வீட்டு அக்காவையும் கொட்டிருச்சு!”

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கையில் இருந்தது வீட்டுச் சாவி. திரும்பி ஓடி இன்னொன்றை எடுத்து வந்தேன்; அது அலுமாரிச் சாவி. ஆட்டோ சாவி ஆட்டோவிலேயே தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மலையடியில் பெண்கள் இடுப்பில் கட்டும் சாக்கைத் தலையோடு போர்த்தியபடி ரோட்டோரம் குந்தியிருந்தார்கள். அநேகம் பேருக்கு ஒன்றிரண்டு கொட்டுத்தான். அவர்களை ஏற்றக் கொழுந்து லொறி வருகிறது என்றார்கள். என் மனைவிக்குக் கழுத்தும் முகமும் வீங்கியிருந்தன. நான் பிரேக் போடுவதற்குள், அவர்களை வேலை வாங்கும் கங்காணி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரைக் கொட்டியது ஒரு காதில் மட்டும். அவர் கெட்டவர் இல்லை. கல்யாண வீட்டு வேன் என்றாலும் திருவிழா லொறி என்றாலும் எங்கள் தோட்டத்தில் கங்காணிதான் முதலில் ஏறுவார். கால் தானாக ஏறிவிட்டது, அவ்வளவுதான். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை, எனக்கும்தான்.

தேயிலைச் செடிகளுக்கு அடியில் இன்னொருவன் கிடந்தான். லயத்துக் கடைசி வீட்டில் தனியாக இருப்பவன். கிளை வெட்டுகிற வேலை எப்போதாவது கொடுப்பார்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது தோட்டத்துக் கணக்கு. மத்தியானத்துக்கு மேல் குடித்துவிட்டுப் படுத்துவிடுவதால் அவனுக்கு எப்போதும் அரைப்பேர்தான். அன்றைக்கு அவன் வெட்டிய கிளையில்தான் கூடு இருந்தது.

“அந்த நாசமாப் போனவன் கெடக்கட்டும். அவனாலதானே இவ்வளவும்,” என்றாள் ஒருத்தி.

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. மனைவியை ஏற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன்.

“என்னங்க, அவனையும் ஏத்துங்க,” என்றாள் மனைவி.

“எடமில்ல புள்ள.”

“கங்காணி அண்ணே, ஒங்களுக்கு ஒத்தக் காது. அவனுக்கு மூஞ்சியே இல்ல. கொஞ்சம் எறங்குங்க.”

கங்காணி என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். அது ஓடாத மீட்டர்.

“அவன் பொழைக்கட்டும், அப்புறம் நானே அடிச்சுக் கொல்லுறேன். இப்ப ஏத்துங்க!” என்றாள் மனைவி.

கங்காணி இறங்கினார். அவன் கால் பக்கத்தைத் தூக்கியதும் அவர்தான்.

பதுளை ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியெல்லாம் மனைவி திட்டிக்கொண்டே வந்தாள். அவனைத் திட்டினாள், குளவியைத் திட்டினாள், பள்ளத்தில் விட்ட என்னைத் திட்டினாள். எனக்கு அது சங்கீதமாக இருந்தது. திட்டுகிறவளுக்கு மூச்சு இருக்கிறது. அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தவனிடமிருந்து அறுந்த விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

ஒரு வளைவு தாண்டியதும் திட்டு நின்றது.

“புள்ள?”

ஹாரனை அடித்துப் பார்த்தேன்.

“ஏ புள்ள, திட்டு. நான் வேணும்னா இன்னொரு பள்ளத்துல விடுறேன். திட்டு புள்ள!”

கண்ணாடியில் பார்த்தேன். அவள் தலை கம்பியில் சாய்ந்திருந்தது. முன்னால் ஏற்றம். ஆட்டோ முக்கியது. அவனை இங்கே புல்லில் இறக்கி வைத்துவிட்டால் வண்டி பறக்கும் என்று என் புத்தி சொன்னது. தெளிவாக, நிதானமாகச் சொன்னது. அன்று காலை முழுக்க என்னிடம் நிதானமாக இருந்தது அது ஒன்றுதான். கால் பிரேக்கை லேசாகத் தொட்டதும் உண்மை. நிறுத்தினால் இந்த ஏற்றத்தில் மறுபடி வண்டி கிளம்பாது என்ற பயத்தில்தான் காலை எடுத்தேன். அறம் எல்லாம் இல்லை, கியர்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்தது. ஒன்றுதான்.

“மிஸ், என் வைஃப்! என் வைஃபை முதல்ல பாருங்க மிஸ்!”

சிங்கள நர்ஸ். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், மணிக்கட்டைத் தொட்டார், அவனைத் தள்ளுவண்டியில் ஏற்றச் சொன்னார்.

“அவன் குடிகாரன் மிஸ்! கூட்டைக் கலைச்சதே அவன்தான்!”

“கத்துற ஆள் பொறகு. கத்தாத ஆள் முதல்ல,” என்றார் அவர், அரைகுறைத் தமிழில்.

“இவளும் கத்தலியே மிஸ்! கத்தாம இருக்கிற பொம்பளையா இவ?”

அவர் அதற்குள் என் மனைவியின் இமையைத் தூக்கிப் பார்த்து, நாற்காலியில் வைத்தே ஊசி போட்டுவிட்டார். “இந்த அம்மா மூச்சு எடுக்குது. அவர் எடுக்கல்ல. நீங்க மட்டும்தான் கத்துறது. நீங்க கடைசி.”

நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளுக்கு வந்தபோது மேலிருந்து குரல் கேட்டது.

“என்னங்க, ஆட்டோவுக்கு ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?”

போடவில்லை. எழுந்து ஓடவும் இல்லை. உருண்டு போனால் போகட்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸ் மறுபடி வந்தார். “அந்த ஆளோட யாரு வந்தது? மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுறார். யாராவது பக்கத்துல இருக்க வேணும்.”

நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாக் கூட்டத்திலும் பேசுகிற வாய். மனைவி வீங்கிய கண்ணின் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள்.

“எங்க ஆளுதான் மிஸ்,” என்றேன்.

“சொந்தமா?”

“சொந்தம் இல்ல.” வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “எங்க ஆளு.”

அவளை விட்டுவிட்டு அவன் கட்டிலுக்குப் போனேன். அவன் கை மாஸ்க்குக்குப் போகும், நான் பிடித்து இறக்குவேன், மறுபடி போகும். பொழுது சாயும்போது திறக்க முடிந்த ஒரு கண்ணைத் திறந்து என்னைக் கண்டுகொண்டான். மாஸ்க்குக்குள்ளேயிருந்து ஏதோ சொன்னான். குனிந்தேன்.

“அண்ணே... கங்காணி இன்னைக்கு அரைப்பேராவது போடுவாரா?”

“முழுப்பேரே போடுவாரு. மூக்குல இருக்கிறதக் கழட்டாதே.”

பேர் போடுகிற அதிகாரம் எனக்கு ஏது? அவன் கை மறுபடி எழுந்தது. இறக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.