புல்லைக் கைவிட்ட மெர்வ்

மெர்வ் டக்வெல் நகரசபைக்குப் புல் வெட்டியவர். ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான ஜிம்பியில் மைதானம், பூங்கா, கல்லறைத் தோட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் முடிதிருத்துபவர். சனிக்கிழமை சொந்தப் புல்லை வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அதன் ஓரங்களை நறுக்குவார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் கண்விழிப்பதே அந்தச் சத்தத்தில்தான். அவர் தன் தோட்டத்தில் ஒரு மரம் வைத்ததில்லை. "மரம் இருந்தா மிஷினத் திருப்பணும், கோரல். கோடு கோணலாயிரும்" என்பார்.

அவருடைய முழங்கால் பழுதான வருஷம், புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்தது.

மகள் ரேலீன் பிரிஸ்பேனிலிருந்து வந்து பார்த்தாள். கடலோரத்தில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் அவர் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"வாசல்ல ஒரு தொட்டி வச்சுக்கலாம்ப்பா. புதினா போடலாம்."

"புதினாவா? நானா?"

மறுவாரம் அவர் புல்தரை முழுக்க அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, மேலே வைக்கோல் போட்டார். குச்சியை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு அட்டையாகக் காலால் தள்ளித் தள்ளி. எங்கள் தெருவில் வாசல் புல்தான் ஒருவரின் நடத்தைச் சான்றிதழ். எதிர்வீட்டு ட்ரெவர் ஓடிவந்தான்.

"நான் வெட்டித் தரேன் மெர்வ். சாகற வரைக்கும் வெட்டித் தரேன். இப்படிப் பண்ணாதீங்க."

"யாரு சாகற வரைக்கும்?"

அட்டைகளில் துளை போட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டார். துணி காயப்போடும், காற்றில் சுழலும் இரும்புக் குடையின் காலடியில் பரங்கி. பின்னால் இருந்த பழைய கழிப்பறையின் மேல் சௌசௌ. இந்த ஊரில் சௌசௌக் கொடியைக் கழிப்பறை மேல்தான் ஏற்றுவது வழக்கம். பப்பாளி, துவரை, ஓர் எலுமிச்சை. எலுமிச்சைக்கு மட்டும் பொழுது சாய்ந்ததும், கழிப்பறைக்குப் போகாமல், இங்குள்ள ஆண்கள் வழக்கமாகச் செய்யும் உபகாரத்தைச் செய்துவந்தார். மற்றதற்கெல்லாம் ஒரே சட்டம்.

"தண்ணி கேட்டா வேணாம். மருந்து கேட்டா வேணாம். ஆயுசு பூரா வெட்டிட்டேன், இனிமே ஒரு கிள்ளுகூடக் கிள்ளமாட்டேன். அதுங்க பாட்டுக்கு வளரட்டும்."

வேலியோரம் பேஷன் ஃப்ரூட் பழக்கொடி. அது ஒட்டுச்செடி. நாற்றுப்பண்ணையில் சொல்லித்தான் கொடுத்தார்கள்: ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும் என்று. மெர்வ் காது கொடுக்கவில்லை. கீழே துளிர்த்தது, மேலே ஏறியது, வேலியை மூடியது. தினமும் போய் நின்று பார்ப்பார். "பாத்தியா கோரல்? கொழந்தை மாதிரி ஏறுது!"

முழங்கால் அறுவை சிகிச்சைக்கான வரிசை ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டது. அதற்குள் அவர் பூட்டாத கார்களில் சௌசௌப் பைகளைப் போட்டுவிட்டு வரும் மனிதராகிவிட்டார். அந்தப் பருவத்தில் நாங்கள் எல்லோரும் காரைப் பூட்டினோம்.

தேதி வந்தபோது ரேலீனும் வந்தாள். முதியோர் குடியிருப்பில் ஒரு வீடு காலியாகியிருந்தது.

"ஒரு பேச்சுப்பா. நீ ஆஸ்பத்திரியில இருக்கற வரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது. கோரல் ஆன்ட்டி, நீங்களும்தான். திரும்பி வந்து பாப்பேன். தோட்டமா இருந்தா நீ இரு. காடா இருந்தா கிளம்பு."

"கை குடு" என்றார் மெர்வ். குலுக்கிக்கொண்டார்கள்.

புண் ஆறாமல் மெர்வ் ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். இங்கே டிசம்பரில் தொடங்கும் அந்தக் கோடையில் மழை நிற்கவே இல்லை. என் வீட்டு ஜன்னலிலிருந்து தினமும் பார்ப்பேன். சர்க்கரைவள்ளி நடைபாதைக்கு வந்தது. பரங்கி இரும்புக் குடையின் மேல் ஏறிக் காய்களைத் தொங்கவிட்டது. காற்றடித்தால் அவை ராட்டினம் சுற்றின. எனக்குக் கை பரபரத்தது. வாக்குக் கொடுத்திருந்தேன். பேஷன் கொடி வேலிக்கடியில் நுழைந்து என் புல்லில் முளைத்தது. பிறகு அவருடைய சலவை அறை ஜன்னலுக்குள். பிறகு என் கார் ஷெட்டில்.

மார்ச்சில் ரேலீன் வந்தாள். வாயிற்கதவு திறக்கவில்லை, கொடி கட்டிப்போட்டிருந்தது. ஏறிக் குதித்தாள். நானும் என் பக்கத்திலிருந்து நுழைந்தேன்.

"காடு" என்றாள். வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டாள். "பாருப்பா. நீயே சொல்லு."

மெர்வ் அதைக் கேட்கவே இல்லை. "பூ! பூத்திருக்கு! காயும் இருக்கா? ஆரஞ்சுக் கலர்ல என்ன அது? ஏய் க்ளிஃப், இங்க பாருய்யா!"

பக்கத்துக் கட்டிலில் இருந்த வாழை விவசாயி எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு கால் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணப் பிட்டுப் பாரு கண்ணு" என்றார் க்ளிஃப்.

ரேலீன் பிட்டாள். உள்ளே காற்று. நாலைந்து விதை.

"இலைக்கு எத்தனை விரல்?"

"அஞ்சு."

"மூணு இருக்கணும். போச்சு மெர்வ். அது அடிச்செடி, வேருக்குன்னு வச்ச காட்டுக்கொடி. ஒட்டினதக் கொன்னுட்டுத் தான் வளந்திருக்கு. களைக்கு ரெண்டு வருஷமா தாலாட்டுப் பாடியிருக்கே."

ரேலீனின் முகம் ஜெயித்தவள் முகமாக இல்லை. போனை வைக்கோலின் மேல் போட்டுவிட்டு, கையில் அகப்பட்ட ஒரு வேரைப் பிடித்து இழுத்தாள். அது புல்தரைக்குக் குறுக்கே போயிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. சர்க்கரைவள்ளிக்கு அடியில் மண் விரிந்தது.

"ஆன்ட்டி" என்றாள். "இது என்ன?"

ஊதாநிறத்தில் குழந்தையின் தொடை மாதிரி ஒன்று மண்ணிலிருந்து பிதுங்கி நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மண்டியிட்டாள். அலுவலக உடுப்போடு. இரண்டு கையாலும் தோண்டினாள்.

"அய்யோ, இங்கயும் இருக்கு! ஆன்ட்டி, அந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம்!"

நான் அந்தப் பக்கம் போனேன். இருந்தது. எங்கே கையை விட்டாலும் இருந்தது. அட்டை மக்கி, மண் கேக் போல உதிர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் பன்றிகள் மாதிரி கிளறினோம். ட்ரெவர் வேலிமேல் தலையை நீட்டி, "என்ன அங்க, பொணமா?" என்றான். ரேலீன் அவன்மேல் ஒரு கிழங்கை எறிந்தாள். பிடித்துக்கொண்டான். பிறகு அவனும் ஏறிக் குதித்தான்.

இலைகளுக்குள்ளிருந்து மெர்வின் குரல் வந்துகொண்டிருந்தது. "வெறும் வானம்தாண்டி தெரியுது! என்ன நடக்குது? யாராவது சொல்லுங்களேன்!" இன்னொரு குரல், "கொஞ்சம் இடப்பக்கம் சாய்ச்சா தெரியும்" என்றது. க்ளிஃப்.

ரேலீன் நிமிர்ந்தாள். நெற்றியில் மண். சுற்றிலும் பார்த்தாள்: குடையில் சுற்றும் பரங்கி, கழிப்பறையை விழுங்கிய சௌசௌ, பப்பாளியின் கழுத்தில் நெருங்கிய காய்கள். யாரும் தண்ணீர் விடவில்லை. யாரும் தொடவில்லை.

போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கெழங்கு கொட்டிக் கெடக்குப்பா. ஆனா அந்தக் கொடி வேரோட போகணும். நானே புடுங்கிட்டு வேற ஒட்டுக்கொடி வைக்கறேன். இனிமே வேலியில எது துளுத்தாலும் நீ கிள்ளணும். கிள்ளமாட்டேங்கற பேச்செல்லாம் இங்க ஆகாது. சரியா?"



"கிள்ளறேன்" என்றார் மெர்வ். "எல்லாத்தையுமா?"

"ஒட்டுக்குக் கீழ இருக்கறத."

"சரி. எம்மாம் பெருசுடி, அந்தக் கிழங்கு? கையில வச்சுக் காட்டு."

அவள் போனை மறுபடியும் வைக்கோலில் போட்டாள். என் போனைக் கேட்டாள். கையெல்லாம் மண் என்பதால் எண்ணை நான் அழுத்தி அவள் காதருகில் பிடித்தேன். குடியிருப்பின் அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"டக்வெல் வரமாட்டாருங்க. வீட்ட வேற யாருக்காவது குடுத்துருங்க... அய்யோ, இல்லை, இல்லை, நல்லா இருக்காரு. உயிரோடதான் இருக்காரு." ரேலீன் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவருக்கு இங்க வேலை கெடக்கு."