ஆடி மாதத்துக் காலி வீடு

கோவிலம்பாக்கத்தில் அந்த வீட்டுக்கார அம்மாவைச் சந்தித்தபோது என் கால்கள் ஓய்ந்திருந்தன. பல்லாவரத்திலிருந்து அதுவரை பார்த்த வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான்: எத்தனை மாதம் இருப்பாய்? வேலை கிடைத்துவிட்டது, சென்னையா பெங்களூரா என்று கம்பெனியில் இன்னும் சொல்லவில்லை என்ற உண்மையைச் சொன்னதும் கதவை மூடினார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்; எனக்குக் கெஞ்ச வரவில்லை.

வீட்டுக்கார அம்மா கனத்த உடம்புக்காரர். பேசிக்கொண்டே லைட்டு, ஃபேன் என்று ஒவ்வொன்றாக அணைத்துவிடுவார். அவரிடமும் அதே உண்மையைச் சொல்லிவிட்டு நான் வியர்த்துப்போய் நிற்க, அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

“ஆடி முடியற வரைக்கும் இருந்துக்கோ. இந்த மாசம் எவனும் குடி வரமாட்டான், வூடு சும்மாதான் கீது. ஆனா பால் மட்டும் காய்ச்சாத. காய்ச்சினா குடி வந்த மாதிரி ஆயிடும்.”

“டீ போடக்கூடவா அக்கா?”

“டீக்கு எங்க வூட்டுக்கு வா.”

பக்கத்து வீட்டாரிடம் என்னைச் சொந்தக்காரப் பெண் என்றார். எனக்குச் சுருக்கென்றது. “நான் வாடகைக்கு இருக்கேன்” என்று பணத்தை நீட்டினேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “ரோஷத்தப் பாரு! வாடகை குடுத்தா சொந்தக்காரியா இருக்கக் கூடாதா?” என்றார்.

ஆடி முடியுமுன் பெங்களூருக்கு ஆர்டர் வந்தது. எத்தனை மாதம் இருப்பேன் என்று தெரியாது எனச் சொன்ன பிறகும் என்னை உள்ளே விட்டவர் அவர் ஒருவர்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், ஆடி மாதம் என்றுதான் சொல்லியிருப்பார்.