வளைவை ஒட்டி மாட்டிய மீட்டர்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாத வெயிலில், பரமத்தி வேலூரை அடுத்த கிராமத்தில் நடந்தது இது. அப்போது நான் குடிநீர்த் திட்டப் பொறியாளர். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலையில் ஊறியவன். எனக்குத் தெரியாத குழாயா என்ற எண்ணம் கொஞ்சம் உண்டு.

அந்த ஊரின் கடைசித் தெருவுக்குச் சில மாதங்களாகத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. ஆனால் மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் குழாயில் நாங்கள் மாட்டியிருந்த மீட்டர், தினமும் முழு அளவும் ஏறிவிட்டதாகவே காட்டியது. அந்த அளவு வந்ததும் வால்வை மூடிவிட வேண்டும் என்பது உத்தரவு. மூடித் திறப்பவர் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். தொட்டிக்குப் பக்கத்திலேயே வாழைத்தோட்டம். அவர்தான் தோட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்பி விடுகிறார் என்று ஊரே பேசியது. நானும் நம்பினேன். வேலையை விட்டு நீக்கச் சொல்லி எழுதும் முடிவோடுதான் போனேன்.

ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் முன்னாலேயே கேட்டேன். "ஏம்மா, தண்ணிய எங்க திருப்பி விடறே?"

"நான் திருப்பலீங்க சார். என்னைய நம்போணும்னு கேக்கல. காலைல தெருவுக்கு உட்டாச்சு, தொட்டி இப்பக் காலிங்க. வெளிய போற வால்வ மூடிப்போட்டு ரொப்பிப் பாத்துரலாமுங்க. தொட்டி எத்தன புடிக்கும்னு உங்களுக்கே தெரியுமுங்களே."

குரல் உயரவில்லை. வெளியே போகும் வால்வை மூடித் தொட்டியை நிரப்பச் சொன்னேன்.

முப்பதாயிரம் லிட்டர் தொட்டி அது. நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேலானது. தொட்டி வழியத் தொடங்கியதும் மீட்டரைப் பார்த்தேன். முப்பத்தாறாயிரம் ஓடியிருந்தது. ஏறாத ஆறாயிரம் லிட்டரை ஏறியதாகக் காட்டியிருக்கிறது. அதை நம்பித்தான் தினமும் சீக்கிரமே வால்வை மூட வைத்திருக்கிறோம்.

"மீட்டர் பழுதும்மா" என்றேன்.

அவர் வால்வுக் குழிக்குள் கை காட்டினார். "மீட்டர் நல்லாத்தானுங்க இருக்கும். மாட்டுன எடம்தான் சரியில்லைன்னு தோணுதுங்க. வாய்க்கா திரும்புற எடத்துல தண்ணி ஒரு ஓரமாச் சொழிச்சுக்கிட்டுத்தான் போகும், கொஞ்ச தூரம் தாண்டித்தான் நேராகுமுங்க. இங்க வளைவு, பாதி தொறந்த வால்வு, ஒட்டுனாப்புல மீட்டரு. வால்வக் கொஞ்சம் திருப்புனாலே முள்ளு நடுங்குதுங்க."

மீட்டரோடு வந்த கையேட்டிலேயே இது இருக்கிறது. மீட்டருக்கு முன்னால் குழாயின் அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமும், பின்னால் ஐந்து மடங்கும் நேர்க்குழாய் இருக்க வேண்டும். அந்த ஆறு அங்குலக் குழாய்க்கு முன்னால் ஐந்தடியாவது விட்டிருக்க வேண்டும். இருந்தது ஒரு சாண். புதிதாகப் பள்ளம் தோண்ட வேண்டாம், இருக்கிற குழிக்குள்ளேயே மாட்டிவிடுங்கள் என்று சொன்னவன் நான்தான்.

படித்தும் நான் அலட்சியம் செய்ததை, படிக்காமலே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார் அவர். அதுவும், திருடி என்ற பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே.

அந்த வாரமே குழிக்கு வெளியே பள்ளம் தோண்டி, எட்டடி நேர்க்குழாய்க்கு அப்பால் மீட்டரை மாற்றினோம். மறுபடி தொட்டியை நிரப்பிப் பார்த்தபோது கணக்கு முப்பதாயிரத்தை ஒட்டியே நின்றது. அன்றைக்கே ஊர்க்காரர்களைக் கூட்டி, "தப்பு என்னோடது. இவங்க ஒரு சொட்டுத் தண்ணிகூடத் திருப்பல" என்று சொல்லி, எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படுவார், அழுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

"சரிங்க சார். இனிக் கடைசித் தெருவுக்குத் தண்ணி போயிருமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

போனது. சித்திரை பிறப்பதற்குள் அந்தத் தெருவிலும் குடங்கள் நிரம்பின.

இப்போதும் யார் மீதாவது குற்றம் சொல்ல வாயெடுத்தால், பழியைச் சுமந்துகொண்டு நிதானமாக 'ரொப்பிப் பாத்துரலாமுங்க' என்று நின்ற அந்தப் பெண் நினைவுக்கு வருவார். நான் செய்த வேலையை முதலில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் மேலே பேசுகிறேன்.