படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிய பிறெடி

காலை ஆறரைக்கு நேசமலர் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று கணவனின் இடது பெருவிரலைப் பிடித்தாள்.

“கிள்ளுறன், தெரியுதே?”

“ஓம், தெரியுது,” என்றார் பிறெடி, கூரையைப் பார்த்தபடி.

அவள் கிள்ளவேயில்லை.

பிறெடிக்கு ஐம்பத்தொரு வயது. கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிறேன் ஓட்டுகிறார். நாற்பது மீற்றர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட சிறிய அறைக்குள் உட்கார்ந்து, கால்களுக்கிடையே குனிந்து கீழே பார்த்துக்கொண்டே கொன்டெய்னர்களைத் தூக்கும் வேலை. குனிந்த இடுப்பில் ஒரு முள்ளெலும்பு முன்னே வழுகி, காலுக்குப் போகும் நரம்பை நெரித்தது. கால் மரத்தவனைக் கிறேன் ஏணியில் ஏறவிட மாட்டார்கள்.

சத்திரசிகிச்சையை றோபோவின் உதவியோடு செய்வதாக டொக்டர் சஹ்லா சொன்னபோது பிறெடி அவரைக் கேள்வி கேட்காமல் விடவில்லை. றோபோவா ஸ்க்ரூ முறுக்கும்? இல்லை, அந்தக் கை வழியையும் சாய்வையும் பிடித்துக் காட்டும், முறுக்குவது நான். கரண்ட் போனால்? ஜெனரேட்டர். அதுவும் நின்றால்? கையை விலக்கிவிட்டுப் பழைய முறையில் முடிப்பேன். நாலு சின்னத் துளை, நாலு ஸ்க்ரூ. எந்த ஸ்க்ரூ எங்கே போவது என்பதை ஸ்கேன் படத்தில் முன்கூட்டியே மில்லிமீற்றர் கணக்கில் குறித்தாகிவிட்டது.

அந்தப் படம் எடுத்து ஐந்து வாரம். இடையில் ஒருமுறை திகதி தள்ளிப்போனது. நோவு தாங்காமல் பிறெடி, கூட வேலை செய்பவர் ஒருவரோடு தெமட்டகொடையில் ஒரு வெத மாத்தயாவிடம், சிங்கள நாட்டுவைத்தியரிடம், போனார். எண்ணெய் பூசிக் குப்புறப் படுக்கவைத்து வைத்தியம். இரண்டாம் தரம் போய்வந்த பிறகு முழங்காலுக்குக் கீழே மரத்துப்போனது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘வேறு வைத்தியம் ஏதும் செய்தீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

“டொக்டரிட்ட சொல்லுங்கோ,” என்றாள் நேசமலர், பிடித்த விரலை விடாமல்.

“சொன்னா திரும்பவும் திகதியை மாத்திப்போடுவினம். நீர் சும்மா இரும்.”

“நீங்கள்தானே வீட்டில பெரிசாக் கதைக்கிறனீங்கள்? கிறேன் பிழை விடாது, கடுதாசியில கொன்டெய்னர் பாரத்தைப் பொய்யா எழுதிறவனாலதான் ஆக்கள் சாகிறது எண்டு.”

ஏழரைக்குத் தள்ளுவண்டி வந்தது. அவள் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலில் பச்சை உடுப்போடு சஹ்லா நின்றார்.

“டொக்டர், ஒரு விசயம்...”

“நேசம்!”

“இவர் வெத மாத்தயாவிட்ட போனவர்.”

சஹ்லா பிறெடியைப் பார்த்தார். “எத்தினை தரம்?”

“ரெண்டு,” என்றார் பிறெடி.

“இழுத்தாங்களா, மிதிச்சாங்களா?”

“முதல் மிதிச்சவர். பிறகு ரெண்டு பேராப் பிடிச்சு இழுத்தவங்கள்.”

“நல்ல கவனிப்புத்தான்! பெருவிரலைத் தூக்குங்க பாப்பம்.”

விரல் அசையவில்லை. சஹ்லாவின் முகத்தில் இருந்த சிரிப்பும் போனது.

“நான் குடுக்கிற படத்தை நம்பித்தான் றோபோ போகும். எலும்பு இப்ப அந்தப் படத்துல உள்ள மாதிரி இல்லாட்டி?” தள்ளுவண்டி ஸ்கேன் அறைப் பக்கம் திரும்பியது. பிறெடி மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றரை மணித்தியாலம் நேசமலர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். திகதி போயிருந்தால் அது தன்னால்தான் என்று நினைத்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் என்று நினைக்கவும் பயமாக இருந்தது. கடைசியில் சஹ்லாவே வெளியே வந்தார். எலும்பு இன்னும் நாலு மில்லிமீற்றர் வழுகியிருக்கிறது. இடப்பக்கம் ஒரு வெடிப்பு. பழைய கணக்கின்படி ஒரு ஸ்க்ரூ அந்த வெடிப்புக்குள்தான் இறங்கியிருக்கும்.

“அப்ப இண்டைக்கு இல்லையா, டொக்டர்?”

“இன்டைக்கேதான். கால் இப்பிடி இருக்கக்குள்ள தள்ளிப்போட ஏலாது. கணக்கைப் புதுசாப் போடுறம்.”

முடிய மாலை நாலாகிவிட்டது. ஸ்க்ரூ நான்கும் சரியான இடத்தில் இருப்பதாகவும், நரம்பு எவ்வளவு மீளும் என்று இப்போது சொல்ல முடியாதென்றும் சஹ்லா சொல்லிவிட்டுப் போனார்.

பிறெடிக்கு மயக்கம் தெளிந்ததும் நேசமலர் மறுபடியும் கால்மாட்டுக்குப் போனாள். இம்முறை நகம் பதியக் கிள்ளினாள்.

“தெரியுதே?”

பிறெடி கண்ணை மூடி யோசித்தார்.

“குதிக்கால் கொஞ்சம். விரல் தெரியேல்லை.”

அவள் காலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நேர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடும்,” என்றார் அவர். “நானே சொல்லுறன்.”